பேரனின் தொண்டையும் நாற்பது பக்க நோட்டும்



போன வாரம் "பேரனுக்கு மறுபடியும் தொண்டை" என்று இரண்டு வரி போட்டிருந்தேன். இத்தனை பேர் வைத்தியம் சொல்வீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. சித்தரத்தை, தூதுவளை ரசம், பனங்கற்கண்டு, மிளகு, ஹோமியோபதி உருண்டை, ஆபரேஷன் என்று உள்பெட்டி நிறைந்துவிட்டது. தனித்தனியாகப் பதில் எழுத முடியாததால் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்தான். முப்பது வருஷத்துக்கு மேல் கரும்பலகைக்கு முன்னால் நின்றவளுக்குச் சுருக்கமாகச் சொல்ல வராது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

மகளும் பேரனும் மணமேல்குடியில் என்னோடுதான் இருக்கிறார்கள். மாப்பிள்ளை சிங்கப்பூரில். பையனுக்கு நாலே முக்கால் வயது. பள்ளிக்கூடம் சேர்த்த நாளிலிருந்து இந்தத் தொண்டைப் பிரச்சினை. சாயங்காலம் நன்றாக விளையாடிக்கொண்டிருப்பான். ராத்திரி பத்து மணிக்கு உடம்பு கொதிக்கும். எச்சில் விழுங்க முடியாமல் அது தலையணையில் வழியும். பாலைக் கொடுத்தால் தள்ளிவிடுவான். கழுத்தைத் தொட்டால் இரண்டு பக்கமும் நெறி கட்டியிருக்கும். பிள்ளை வளர்த்தவர்கள் எல்லாருக்கும் இந்த ராத்திரி தெரியும், விளக்கத் தேவையில்லை.

முதலில் நீங்கள் சொன்ன வைத்தியங்களைப் பற்றி. வெதுவெதுப்பான பால், கஞ்சித் தண்ணி, மிளகு ரசம் எல்லாம் தொண்டைக்கு இதம். கொடுக்கிறேன். தேனும் கொடுக்கலாம், ஒரு வயது முடியாத குழந்தைக்கு மட்டும் தேனைத் தொட்டுக்கூட வைக்கக் கூடாது. உப்புத் தண்ணியில் கொப்பளிப்பது நல்லதுதான், ஆனால் இந்த வயதில் பாதியை விழுங்கிவிடுகிறான். விரலில் உப்பும் மிளகுப்பொடியும் தொட்டு உள்நாக்கைத் தூக்கிவிடுவதைப் பற்றி மூன்று பேர் எழுதியிருந்தீர்கள். எங்கள் தெருவிலும் ஒரு ஆயா அதைச் செய்வார். நல்ல மனுஷி, பிள்ளைகள் மேல் உயிர். ஆனாலும் புண்ணாகி வீங்கியிருக்கிற இடத்தில் விரலை விட்டு அழுத்துவதற்கு நான் சம்மதிக்கவில்லை. "நீ படிச்சவ, நான் சொன்னா கேக்கவா போற" என்று கோபித்துக்கொண்டார். மறுநாள் பேரனுக்குக் கருப்பட்டி கொண்டுவந்து கொடுத்தார், அது வேறு விஷயம்.

பள்ளிக்கூட வாசலில் விற்கிற பால் ஐஸால்தான் வருகிறது என்று பலர் எழுதியிருந்தீர்கள். ஐஸ் மேல் எனக்கும் பிரியம் இல்லை. ஆனால் தொண்டைப்புண் ஐஸால் வருவதில்லை, பக்கத்தில் உட்காரும் பிள்ளையிடமிருந்து வருகிறது. இருமலில், தும்மலில், ஒரே தண்ணீர் பாட்டிலில். சின்னப் பிள்ளைகளுக்கு வருஷத்துக்கு ஆறு, எட்டு முறை சளி பிடிப்பது சாதாரணம், பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய புதிதில் அதற்கு மேலும் வரும் என்று குழந்தை மருத்துவர்கள் சொல்கிறார்கள். ஒன்றாம் வகுப்பு எடுத்த யாரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள். ஜூன், ஜூலையிலும், ஐப்பசி கார்த்திகை அடைமழையிலும் வருகைப் பதிவேட்டைப் பார்த்தால் தெரியும். பாதி வகுப்பு காலியாக இருக்கும், மீதிப் பாதி மூக்கை உறிஞ்சிக்கொண்டிருக்கும். அதே பிள்ளைகள் மூன்றாம் வகுப்புக்கு வரும்போது ஆளே மாறியிருப்பார்கள்.

அப்படியானால் சும்மா விட்டுவிடலாமா? முடியாது. ஏன் முடியாது என்பதற்கு எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளப் பதிவு.

1990களின் நடுவில் கடலோரக் கிராமம் ஒன்றில் நான்காம் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு பெண் பிள்ளை. நன்றாகப் படிக்கும், கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். அடிக்கடி லீவு. கேட்டால் "தொண்டை வலி டீச்சர்" என்று சொல்லும். அந்த வருஷம் ஒரு நாள் முட்டி வீங்கி நொண்டிக்கொண்டு வந்தது. இரண்டு நாளில் முட்டி சரியாகி கணுக்கால் வீங்கியது. அப்புறம் மணிக்கட்டு. வீட்டில் சுளுக்கு என்று நினைத்து வழித்துவிட்டார்கள். கொஞ்ச நாள் கழித்து டிரில் பீரியடில் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டது. "மூச்சு வாங்குது டீச்சர்." தஞ்சாவூருக்குக் கூட்டிப்போய்ப் பார்த்ததில் இருதய வால்வு கெட்டிருக்கிறது என்றார்கள். அதன்பிறகு 21 நாளுக்கு ஒரு முறை இடுப்பில் பென்சிலின் ஊசி. ஊசி போட்ட மறுநாள் பெஞ்சில் ஒருபக்கமாகத்தான் உட்காரும். டிரில் பீரியடில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து மற்றப் பிள்ளைகளின் செருப்புகளுக்குக் காவல் இருக்கும். யாரும் அந்த வேலையைக் கொடுக்கவில்லை, அதுவாக எடுத்துக்கொண்டது.

ஆசிரியர் பயிற்சியில் எங்களுக்குப் பல், கண், சொறி, தலைப்பேன் எல்லாம் பார்க்கச் சொல்லிக்கொடுத்தார்கள். தொண்டைக்கும் முட்டிக்கும் இருதயத்துக்கும் சம்பந்தம் உண்டு என்று யாரும் சொல்லித்தரவில்லை. அந்தப் பிள்ளைக்காகத்தான் கண்ணில் பட்டதையெல்லாம் படிக்க ஆரம்பித்தேன்.

தொண்டைப்புண்ணில் பெரும்பகுதி வைரஸால் வருவது. அதற்கு மருந்து கிடையாது, தேவையும் இல்லை, தானாகப் போய்விடும். ஒரு பகுதி ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியாவால் வருவது. 5 முதல் 15 வயது வரை இது அதிகம். மூன்று வயதுக்குள் அபூர்வம். இதுவும் பெரும்பாலும் தானாகவே ஆறிவிடும். ஆனால் சில பிள்ளைகளின் உடம்பு அந்தக் கிருமியை எதிர்க்கத் தயாரித்த ஆயுதத்தை, அடையாளம் தெரியாமல், தன் சொந்த மூட்டின் மீதும் இருதய வால்வின் மீதும் திருப்பிவிடுகிறது. தொண்டை ஆறி இரண்டு மூன்று வாரம் கழித்து நடப்பதால் யாரும் இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்ப்பதில்லை. இதற்குப் பெயர் ருமாட்டிக் காய்ச்சல். மூட்டு வீக்கம் தடயமில்லாமல் போய்விடும். வால்வில் விழுந்த வடு அப்படிப் போவதில்லை.

இதைத் தடுக்க முடியும் என்பதை அமெரிக்காவில், வயோமிங் மாநிலத்து ராணுவ முகாம் ஒன்றில் தொண்டைப்புண் வந்த இளம் வீரர்களுக்குப் பென்சிலின் கொடுத்துப் பார்த்து நிரூபித்தார்கள். 1950ல் அந்த ஆய்வு வெளியானது. தொண்டைவலி தொடங்கி 9 நாளுக்குள் மருந்தை ஆரம்பித்தாலே போதும், ருமாட்டிக் காய்ச்சலைத் தடுத்துவிடலாம். அதனால் ராத்திரி ஒரு மணிக்கு பைக்கில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பறக்க வேண்டியதில்லை. ஆனால் ஆரம்பித்தால் 10 நாளும் கொடுக்க வேண்டும். இரண்டாம் நாளே காய்ச்சல் விட்டுவிடும், பிள்ளை இட்லி கேட்கும், நாம் பாட்டிலை மூடி வைத்துவிடுவோம். அங்கேதான் சிக்கல்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்த நோய் நெருக்கடியில் வாழ்கிறவர்களின் நோய். ஒரே அறையில் ஏழெட்டுப் பேர் படுத்தால் ஒரு பிள்ளையின் தொண்டை ஏழெட்டுப் பேருக்கும் போகும். மேலை நாடுகளில் பென்சிலின் வருவதற்கு முன்பே, வீடும் வாழ்க்கையும் மேம்பட்டபோதே இது குறையத் தொடங்கிவிட்டது. நம் நாட்டில் இதனால் வால்வு கெட்டவர்கள் அத்தனை பேர் இருந்ததால்தான், வெளிநாட்டு வால்வு வாங்கக் கட்டுப்படியாகாது என்று திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தில் டாக்டர் வலியத்தான் தலைமையில் நாமே வால்வு செய்தோம். 1990 டிசம்பரில் முதன்முதலாக ஒருவருக்குப் பொருத்தினார்கள். இப்போது பள்ளிகளுக்கு வரும் மருத்துவக் குழு, 2013ல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தின்படி, பார்க்க வேண்டிய குறைபாடுகளின் பட்டியலில் ருமாட்டிக் இருதய நோயும் இருக்கிறது. அங்கன்வாடிக்கு வருஷத்தில் இரண்டு முறை, அரசுப் பள்ளிக்கு ஒரு முறை வருவார்கள். அன்றைக்குப் பிள்ளையை லீவு போட வைக்காதீர்கள்.

இந்த ஞாபகமெல்லாம் இருப்பதால், பேரனுக்கு முதல் தடவை நெறி கட்டியபோது என் வயிறு கலங்கியது. மகளுக்கோ வேறு பயம். அவள் பயந்தது மருந்துக்கு. "மாசா மாசம் ஆன்டிபயாட்டிக் கொடுத்தா பிள்ளை என்னம்மா ஆவான்?" அவள் கேட்டதிலும் நியாயம் உண்டு. ஒரு தனியார் கிளினிக்கில் தொண்டையைக்கூட எட்டிப் பார்க்காமல் ஒவ்வொரு தடவையும் ஒரு ஊசி, ஒரு ஆன்டிபயாட்டிக் சிரப். வைரஸுக்கு அது ஒன்றும் செய்யாது. பேதி போகும், வாய் புண்ணாகும், பசி எடுக்காது. நாளைக்கு உண்மையிலேயே தேவைப்படும்போது மருந்து கேட்காமல் போகும். மருந்துக் கடைக்குப் போய் "போன தடவை கொடுத்த அதே சிரப் கொடுங்கண்ணே" என்று வாங்குவதும் நம் ஊரில் சகஜம். செஃபிக்சிம் போன்ற மருந்துகளைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது, விற்றதைப் பதிவேட்டில் எழுதிவைக்க வேண்டும் என்று 2014 மார்ச்சிலிருந்து சட்டமே இருக்கிறது. சளி மருந்திலும் கவனம் வேண்டும். குளோர்பெனிரமின், பினைலெப்ரின் இரண்டும் கலந்த மருந்தை நாலு வயதுக்குக் கீழ் கொடுக்கக் கூடாது என்று 2023 டிசம்பரில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு சொல்லிவிட்டது. வீட்டில் பழைய பாட்டில் இருந்தால் லேபிளைப் படித்துப் பாருங்கள்.

ஆக, எனக்கு ஒரு பயம், அவளுக்கு ஒரு பயம். மாப்பிள்ளை சிங்கப்பூரிலிருந்து வீடியோ காலில், "அத்தை, பேசாம டான்சிலை எடுத்துடலாம், பணம் அனுப்புறேன்" என்றார். வெளியூரில் ஒரு மருத்துவமனையிலும் ஐந்து நிமிஷம் பார்த்துவிட்டு அதையேதான் சொன்னார்கள்.

இந்தச் சண்டையைத் தீர்க்கத்தான் நாற்பது பக்க நோட்டு ஒன்றை வாங்கினேன். வாத்தியார் புத்தி, பதிவேடு இல்லாமல் எதையும் நம்பாது. ஸ்கேலால் கோடு போட்டேன். தேதி, தெர்மாமீட்டரில் எத்தனை டிகிரி, மூக்கு ஒழுகுகிறதா, இருமல் இருக்கிறதா, கழுத்தில் நெறி உண்டா, டார்ச் அடித்துப் பார்த்தால் தொண்டையில் வெள்ளைப் புள்ளி தெரிகிறதா, என்ன மருந்து, எத்தனை நாள், எந்த நாளில் சோறு தின்றான், ராத்திரி குறட்டை விட்டானா. இவ்வளவுதான்.

மூக்கையும் இருமலையும் ஏன் எழுதச் சொல்கிறேன் என்றால், மூக்கு ஒழுகி, இருமி, குரல் கம்மி, கண் சிவந்து வரும் தொண்டைவலி பெரும்பாலும் வைரஸ். இருமலே இல்லாமல் திடீரென்று நல்ல காய்ச்சல், தொட்டால் வலிக்கும் நெறி, டான்சிலில் வெள்ளைப் படலம் என்றால் ஸ்ட்ரெப் சந்தேகம். அமெரிக்க மருத்துவர் ராபர்ட் சென்டார் 1981ல் பெரியவர்களை வைத்து வகுத்த கணக்கு இது. பிறகு வயதையும் சேர்த்துப் பிள்ளைகளுக்கும் பார்க்கிறார்கள். இதுவும் சந்தேகம் மட்டும்தான். பஞ்சுக்குச்சியால் தொண்டையில் தடவி எடுத்துப் பரிசோதித்தால்தான் உறுதி. சில லேபில் இதற்குப் பதிலாக ஏ.எஸ்.ஓ. என்று ஒரு ரத்தப் பரிசோதனை எடுக்கச் சொல்வார்கள். அது கிருமி எப்போதோ வந்து போனதைத்தான் காட்டும். இன்றைய தொண்டைவலிக்கு இன்றைய காரணத்தை அது சொல்லாது. அந்த எண் கூடியிருக்கிறது என்பதை மட்டும் வைத்துப் பிள்ளைக்கு மாதாமாதம் ஊசி போட ஆரம்பிக்காதீர்கள்.

ஒரு வருஷம் முடிந்ததும் மூவரும் (மாப்பிள்ளை போனில்) உட்கார்ந்து எண்ணினோம். மகள் சொன்னது "மாசா மாசம்". நோட்டு சொன்னது 8. அந்த எட்டில் ஐந்து, மூக்கும் இருமலுமாக வந்து மருந்தில்லாமலே போனவை. நெறியும் காய்ச்சலும் வெள்ளைப் படலமுமாக வந்தவை மூன்றுதான்.

டான்சில் ஆபரேஷனுக்கு உலகம் முழுக்கப் பார்க்கும் கணக்கு ஒன்று உண்டு. பிட்ஸ்பர்க் நகரத்துக் குழந்தை மருத்துவர் ஜாக் பாரடைஸ் வகுத்தது. ஒரு வருஷத்தில் 7 முறை, அல்லது இரண்டு வருஷமாக வருஷத்துக்கு 5 முறை, அல்லது மூன்று வருஷமாக வருஷத்துக்கு 3 முறை. அதுவும் வெறும் "தொண்டை வலிக்குது" கணக்கில் வராது. காய்ச்சலோ, நெறியோ, வெள்ளைப் படலமோ, பரிசோதனை முடிவோ, ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒன்று எழுத்தில் இருக்க வேண்டும். 1978ல் அவர் செய்த ஒரு வேலை எனக்கு ரொம்பப் பிடித்தது. அடிக்கடி தொண்டைப்புண் வருகிறது என்று பெற்றோர் சொன்ன, ஆனால் சரியான பதிவு இல்லாத 65 பிள்ளைகளை ஆபரேஷன் செய்யாமல் கூடவே இருந்து கவனித்தார். சொன்ன அளவுக்கு உண்மையிலேயே வந்தது 11 பிள்ளைகளுக்குத்தான். பெற்றோர் யாரும் பொய் சொல்லவில்லை. தூங்காத ராத்திரிகள் நம் கணக்கில் இரண்டு மடங்காகிவிடுகின்றன. 1984ல் அவருடைய அடுத்த ஆய்வு வந்தது. நிஜமாகவே அடிக்கடி வரும் பிள்ளைகளுக்கு ஆபரேஷனுக்குப் பின் இரண்டு வருஷம் தொண்டைப்புண் குறைந்தது. ஆனால் ஆபரேஷன் செய்யாத பிள்ளைகளிலும் பலருக்குத் தானாகவே குறைந்துவிட்டது. வயது ஏற ஏற டான்சில் சுருங்கிவிடும்.

எங்கள் தலைமுறைக்கு டான்சில் ஆபரேஷன் என்றால் ஐஸ்கிரீம் ஞாபகம் வரும். பட்டணத்துப் பிள்ளைகள் ஆபரேஷன் முடிந்து ஐஸ்கிரீம் தின்ற கதையைக் கேட்டுப் பொறாமைப்பட்டிருக்கிறேன். ஒரு காலத்தில் எப்படி அறுத்துத் தள்ளினார்கள் என்பதற்கு 1934ல் நியூயார்க்கில் நடந்ததைக் கேளுங்கள். 11 வயதுப் பள்ளிப் பிள்ளைகள் 1000 பேரைப் பார்த்தார்கள். 611 பேருக்கு ஏற்கெனவே டான்சில் எடுத்தாகிவிட்டது. மீதி 389 பேரை மருத்துவர்களிடம் காட்டினார்கள். 174 பேருக்கு எடுக்க வேண்டும் என்றார்கள். வேண்டாம் என்று தள்ளப்பட்ட 215 பேரை வேறு மருத்துவர்களிடம் காட்டினார்கள். அவர்கள் 99 பேருக்கு வேண்டும் என்றார்கள். மீதி 116 பேரை இன்னொரு முறை காட்டினால், 51 பேருக்கு வேண்டும்! கடைசியில் தப்பியது 65 பேர். இதை மாப்பிள்ளைக்குச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் "நோட்டை போட்டோ எடுத்து அனுப்புங்க அத்தை" என்றார்.

ஆபரேஷனே கூடாது என்று நான் சொல்லவில்லை. குறட்டை விட்டு நடுவில் மூச்சு நின்று திடுக்கிட்டு எழும் பிள்ளைக்கு, டான்சிலில் சீழ்க்கட்டி திரும்பத் திரும்ப வரும் பிள்ளைக்கு எண்ணிக்கை பார்க்க வேண்டியதில்லை, காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய்விட வேண்டும்.

இங்குள்ள அரசு மருத்துவமனையில் நோட்டைக் காட்டினேன். அந்த இளம் பெண் மருத்துவர் ஒவ்வொரு வரியாகப் படித்தார். "இப்படி ஒரு ஹிஸ்டரி யாருமே கொண்டு வர்றதில்லைம்மா" என்றார். ஆபரேஷன் இப்போது வேண்டாம், இன்னொரு வருஷம் எழுதுங்கள், இருமல் இல்லாமல் காய்ச்சலும் நெறியுமாக வந்தால் உடனே கூட்டி வாருங்கள் என்றார். இருதயத்தில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டார். நான் கேட்டுக்கொண்டதால் இரண்டாம் முறையும் வைத்துக் கேட்டார். சத்தம் சுத்தமாக இருக்கிறது. அன்று ராத்திரிதான் நான் நன்றாகத் தூங்கினேன்.

போன வாரம் வந்தது ஒன்பதாவது. மூக்கு ஒழுகல், இருமல், 100 டிகிரி, நெறி இல்லை. காய்ச்சலுக்கு எடைக்குத் தகுந்த பாராசிட்டமால், கஞ்சி, ரசம். மூன்றாம் நாள் பள்ளிக்கூடம் போய்விட்டான்.

மருந்து கொடுப்பதிலும் ஒரு வார்த்தை. ஆன்டிபயாட்டிக் பொடி பாட்டிலில் கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரைக் கோடு வரைக்கும் ஊற்றி, குலுக்கி, நுரை அடங்கியதும் மறுபடியும் கோட்டைப் பார்க்க வேண்டும். சமையல் ஸ்பூனில் ஊற்றாதீர்கள், ஒவ்வொரு வீட்டு ஸ்பூனும் ஒவ்வொரு அளவு. மூடியில் கோடு இருக்கிறது. கலந்த மருந்து எத்தனை நாள் தாங்கும் என்று லேபிளில் போட்டிருக்கும், பல மருந்துகளுக்கு 7 நாள்தான். 10 நாள் மருந்தென்றால் இரண்டாவது பாட்டில் வாங்க வேண்டும். மிச்சத்தை அடுத்த தடவைக்கு வைக்காதீர்கள், தம்பிக்கும் கொடுக்காதீர்கள்.

நோட்டில் எழுதிக்கொண்டு உட்காராமல் உடனே 108ஐ அழைக்க வேண்டிய நேரமும் உண்டு. மூச்சு இழுக்கும்போது சத்தம், தண்ணீர்கூட இறங்காமல் எச்சில் ஒழுகுவது, வாயைத் திறக்க முடியாதது, கழுத்து விறைப்பு. தொண்டை ஆறிய இரண்டு மூன்று வாரத்தில் முகம் வீங்கினாலோ, மூத்திரம் கறுப்புக் காப்பி நிறத்தில் போனாலோ, மூட்டு மாறி மாறி வீங்கினாலோ, அன்றைக்கே மருத்துவரிடம் போய் "முன்னால் தொண்டைப்புண் வந்தது" என்று நீங்களாகச் சொல்லுங்கள். ஐந்து வயதில் போட வேண்டிய முத்தடுப்பு ஊசியையும் விட்டுவிடாதீர்கள். தொண்டை அடைப்பான் வந்த பிள்ளையை ஒரு முறை பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்த நான்காம் வகுப்புப் பிள்ளை ஐந்து முடித்ததும் குடும்பத்தோடு ஊர் மாறிப் போய்விட்டது. அதற்குப் பிறகு எனக்குத் தகவல் இல்லை. இப்போது நாற்பதை நெருங்கியிருக்கும். பெயரை இங்கே எழுதவில்லை. அந்த வருஷம் அதே வகுப்பில் படித்தவர்கள் சிலர் என் நட்புப் பட்டியலில் இருக்கிறீர்கள். வேப்பமரத்தடியில் செருப்புக்குக் காவல் இருந்த பிள்ளை என்றால் உங்களுக்கு ஞாபகம் வரும். யாருக்காவது விவரம் தெரிந்தால், பொதுவில் எழுத வேண்டாம், உள்பெட்டியில் சொல்லுங்கள்.